திருடனை அண்ணாச்சி என்றவர்

நான் வேலை பார்த்த போலீஸ் காமெடிப் படத்தைப் பற்றி ‘உங்களுக்குத் தெரியாத பத்து விஷயங்கள்’ என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. லாக்கப் காட்சி வசனத்தைக் கதாநாயகன் அந்த இடத்திலேயே யோசித்துச் சொன்னாராம். சுத்தப் பொய். கதாநாயகன் அன்று தூத்துக்குடியிலேயே இல்லை.

படம் ரீமேக். வேற்றுமொழி வசனங்களைத் தூத்துக்குடிப் பேச்சுக்கு மாற்றித் தருவது என் வேலை. துறைமுகத்துப் பக்கம் உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு பழைய கிட்டங்கியைப் போலீஸ் ஸ்டேஷன் ஆக்கியிருந்தார்கள். ஏட்டாக நடித்தவர் திரேஸ்புரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எத்தனையோ படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர். வாய் திறந்து பேசப்போவது இதுதான் முதல் தடவை. “எங்க வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லிட்டா தம்பி” என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார்.

வசனம் இரண்டே சொல். லாக்கப்பில் தூங்கும் திருடனை லத்தியால் தட்டி, “ஏலே, எந்திரிலே!” என்று அதட்ட வேண்டும். திருடனாகப் படுத்திருந்தவர் எழுபது வயது நடிகர். கேமரா ஓடியதும் நம்மவர் பவ்யமாகக் குனிந்து, “அண்ணாச்சி, எந்திரிங்க” என்றார். ஆறு டேக் போயும் அதே அண்ணாச்சிதான்.

“மூத்தவுகளப் பாத்தா ஏலேன்னு வாயில வர மாட்டேங்கு தம்பி.” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஒரு டேக்தான், தப்பினால் வசனத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் டைரக்டர். எனக்கு டைரக்டர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஏழாவதிலும் அண்ணாச்சியே வந்தது. படுத்திருந்த பெரியவர் என்ன நினைத்தாரோ, துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு, “ஐயா, இவ்வளவு மரியாதையா பேசுதீங்களே, என்னை என்ன செய்யப் போறீங்க?” என்று நடுங்கினார். மொத்த யூனிட்டும் விழுந்து விழுந்து சிரித்தது. டைரக்டரும் சிரித்தபடியே ஓகே சொன்னார்.

டப்பிங் சென்னையில். ஏட்டாக நடித்தவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார். “அந்தப் பேச்சு உனக்குத்தான் நல்லா வருமே, நீயே பேசிடு” என்றார்கள். மைக்கைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. பேசிவிட்டேன்.

படம் வெளியான அன்று அவர் குடும்பத்தோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் காட்சிக்குத் தியேட்டரே அதிர்ந்தது. அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

“மூஞ்சி உங்க மூஞ்சி. பேசுதது யாரு?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் தோளில் கை வைத்தார். அவருக்கு மகன் வயது எனக்கு. அன்றுவரை என்னைத் தம்பி என்றே கூப்பிட்டவர்.

“நல்லாப் பேசியிருக்கீங்க, அண்ணாச்சி.”

எனக்குச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.