திறக்காமல் கிடந்த பதில்கள்

புது மெயில் கணக்கிலிருந்து முதல் நாளே முந்நூறு பேருக்கு மெயில் அனுப்பியது என் முட்டாள்தனம். வெளியூரிலிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு அறையும் வண்டியும் ஏற்பாடு செய்து தருவது என் தொழில். அதுவரை எல்லாம் போனிலேயே நடந்தது. அந்த வருஷம்தான் வேங்கிக்கால் வீட்டின் முன்னறையை ஆபீஸாக்கி, சொந்தமாக வெப்சைட்டும் மெயிலும் வைத்துக்கொண்டேன். கார்த்திகை தீபத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரே மூச்சில் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. வருஷா வருஷம் பெங்களூரிலிருந்து வரும் ஓர் அம்மாள் வேறு எதற்கோ போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"உங்க மெயில் ஸ்பேம்ல கெடந்துதுங்க. தற்செயலா பாத்தேன்."

வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் ஓடினேன். அவர் சிரித்தார்.

"புது அக்கவுண்ட்ல இருந்து எடுத்த எடுப்புலயே இவ்ளோ போனா, யாரோ குப்பை அனுப்பறாங்கனு வாங்கற பக்கத்து மெயில் கம்பெனி நெனச்சிக்கும் மேடம். மொதல்ல தெனம் அஞ்சு, அப்பறம் பத்துனு மெதுவா ஏத்தணும். வாங்கறவங்க தொறந்து படிக்கணும், பதில் போடணும். பதில் வர வரத்தான் அக்கவுண்ட்டுக்கு நல்ல பேரு. இத வார்ம் அப்னு சொல்லுவாங்க. தெரிஞ்சவங்க பத்து பேர புடிங்க."

அந்தப் பத்துப் பேரில் ஒருவராகத்தான் என் அப்பாவைச் சேர்த்தேன்.

அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அவர் "கீழ்பென்னாத்தூர், கீழ்பென்னாத்தூர்" என்று குரல் கொடுத்தால் அந்தக் கோடி டீக்கடையில் இருப்பவர் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார். ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் இருந்த ஓட்டை வழியாக மூச்சு விட்டுக்கொண்டு, அதன் மேல் மெல்லிய துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் வீட்டில் அம்மாவோடு இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. சொல்ல வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவார். நான் போன் செய்தால் அம்மா பேசுவாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்றால் போனை நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். இல்லை என்றால் இரண்டு.

வாட்ஸப் இருந்தது. ஆனால் வீட்டில் இருந்தது ஒரே போன். அதில் வருவதை எல்லாம் அம்மா பார்ப்பாள், பக்கத்து வீட்டுக்கும் படித்துக் காட்டுவாள். மெயிலை மட்டும் அவள் தொட்டதில்லை. நான் நேரில் போய் அப்பாவுக்கு ஒரு கணக்கு திறந்து, பதில் போடும் இடத்தைக் காட்டிக் கொடுத்தேன்.

"ரெண்டு வரி போதும்ப்பா. இன்னா வேணா எழுது. ஆனா தெனம் எழுதணும். நீ பதில் போட்டாத்தான் என் அக்கவுண்ட் நல்லாருக்கும்."

நோட்டில் எழுதிக் காட்டினார்: 'டியூட்டி மாதிரி.'

"ஆமாப்பா, டியூட்டி மாதிரி."

மறுநாள் காலை ஆறு மணிக்கே முதல் பதில் வந்தது. 'மெயில் கிடைத்தது. இங்கு நலம்.' அடுத்த நாள் மழை பெய்ததை எழுதினார். அதற்கடுத்த நாள், மணிலாக் கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை என்று எதிர்வீட்டுக்காரர் புலம்புவதை. ஒரு வாரத்தில் இரண்டு வரி இருபது வரியானது. தன் பஸ்ஸில் தினமும் ஏறிய ஒரு டீச்சர் டிக்கெட்டை மடித்து வளையலுக்குள் செருகிக்கொள்வதைப் பற்றி ஒரு நாள் எழுதினார். பேசிய காலத்தில் அப்பா என்னிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. நானும் மூன்று வாரம் விடாமல் பதில் எழுதினேன். காலையில் முதல் வேலையாக அவர் மெயிலைத்தான் திறப்பேன்.

ஐப்பசி பாதியில் முன்பதிவு மெயில்கள் வரத் தொடங்கின. கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் வாடிக்கையாளர்களின் மெயிலும் இந்தப் பத்துப் பேரின் பதில்களும் ஒன்றாகக் கலந்து கிடந்ததில் இரண்டு முன்பதிவுகளைத் தவறவிட்டேன். வெப்சைட்காரரிடம் கேட்டபோது, அந்தப் பதில்கள் கண்ணில் படாமல் நேராகத் தனி ஃபோல்டருக்குப் போகிற மாதிரி செய்துகொள்ளலாம் என்றார். செய்துகொண்டேன். அதற்கு 'வார்ம் அப்' என்றே பெயர் வைத்தேன். தினம் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் பார்த்தேன். பிறகு தீப வேலைகள் தொடங்கிவிட்டன.

தீபத்தின்போது இந்த ஊரில் தொழில் செய்கிறவர்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அது முடிந்ததும் மார்கழிக் கூட்டம், புது வருஷக் கூட்டம். அப்பாவின் மெயில்கள் நின்றுவிட்டன என்று நான் நினைத்துக்கொண்டதுகூட இல்லை. நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

பொங்கலுக்குப் போய் அரை நாள் இருந்தேன். அப்பா கொஞ்சம் இளைத்திருந்தார். துண்டைத் தடிமனாகச் சுற்றியிருந்தார். அடிக்கடி என்னைப் பார்த்தார். அம்மா வடை சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தாள். போன் வந்துகொண்டே இருந்ததால் மூன்று மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அம்மா போன் செய்தாள்.

"துண்டுல ரத்தம் இருக்குதுடி. கஞ்சிகூட எறங்கல. நீ ஒடனே வா."

வேலூரில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனோம். டாக்டர் துண்டை அவிழ்த்துப் பார்த்தார். ஓட்டைக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி.

"எத்தன நாளா இருக்குது?"

அப்பா நோட்டை எடுத்து எழுதினார். 'ஐப்பசி கடைசியிலிருந்து.'

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு மாசத்துக்கு மேலயா? ஒரு வார்த்த காட்டலயே எங்கிட்ட!"

டாக்டர் அம்மாவிடம் ஏதோ கேட்கத் திரும்பிய நேரத்தில், அப்பா நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக் காட்டினார்.

'உனக்கு எழுதினேனே.'

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் 'வார்ம் அப்' ஞாபகத்துக்கு வந்தது. வெளியே வந்து, வராந்தாவில் மருந்துக்கு நிற்கிறவர்களுக்கு நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனில் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். திறக்காத மெயில்கள் ஐம்பத்தெட்டு. மற்றவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். எல்லாமே அப்பா அனுப்பியவை.

'கழுத்தில் ஒரு சிறிய கட்டி தெரிகிறது. வலி இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, பயப்படுவாள். தீபம் முடிந்து உனக்கு வேலை குறைந்ததும் நாம் இருவரும் போய்க் காட்டிவிட்டு வரலாம். அவசரமில்லை.'

நான்கு நாள் கழித்து: 'நீ பதில் எழுதவில்லை. யோசிக்கிறாய் போலிருக்கிறது.'

தீபத்துக்கு மறுநாள்: 'மாடியிலிருந்து தீபம் பார்த்தோம். கட்டி கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.'

மார்கழியில் ஒரு நாள்: 'பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் அனுப்பினால் உன் கணக்குக்கு நல்லது என்று சொன்னாய் அல்லவா. அதனால் அனுப்புகிறேன்.'

பொங்கலன்று மாலை: 'இன்று கேட்பாய் என்று நினைத்தேன். அம்மா கூடவே இருந்ததால் உனக்கும் முடியாமல் போயிருக்கும்.'

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா பணியாளரோடு ஸ்கேன் சீட்டு வாங்கப் போயிருந்தாள். அப்பா மட்டும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பாக்கலப்பா. வேற எடத்துக்குப் போற மாதிரி நானே பண்ணி வெச்சிட்டேன். ஒண்ணுகூட பாக்கலப்பா."

அவர் நோட்டை எடுத்தார். பிறகு மெதுவாக எழுதினார். 'நீ படிச்சிட்டு பயந்துட்டன்னு நெனச்சேன்.'

"இல்லப்பா."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பரவாயில்லை என்று எழுதுவார் என்று காத்திருந்தேன். எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நோட்டை மறுபடி எடுத்தார்.

'இப்ப மெயில் எல்லாம் ஒழுங்கா போவுதா?'

"போவுதுப்பா."

தலையாட்டினார்.

மறுபடியும் ஆபரேஷன் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் டாக்டரைத் தனியாகப் பார்த்து, முன்பே வந்திருந்தால் என்று கேட்டேன்.

"வந்திருந்தா ஏதாவது பண்ணிப் பாத்திருக்கலாம். சரியாயிருக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த மாதங்களை ஓட்டினேன். முதல் வாக்கியம் நான் கூப்பிடாமலே வந்து நின்றது.

அறையும் வண்டியும் ஏற்பாடு செய்யும் வேலையைத் தெரிந்த ஒருத்தியிடம் விட்டுவிட்டு கீழ்பென்னாத்தூரிலேயே இருந்தேன். குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்தோம். கடைசி நாட்களில் பேனா பிடிக்க அவருக்குக் கை வரவில்லை. பங்குனியில் ஒரு காலையில், அம்மா பால் வாங்கப் போயிருந்த நேரத்தில், அப்பா போய்விட்டார்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு நானும் அம்மாவும் மட்டும் வீட்டில் இருந்தோம். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த அம்மா, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எங்கிட்டதான் சொல்லல. உங்கிட்டயாவது சொன்னாராடி?"

இல்லை என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது.

"சொன்னாரும்மா. மெயில்ல எழுதியிருந்தாரு. நான்தான் தொறந்து பாக்கல."

அம்மா கையில் இருந்த குண்டானைக் கீழே வைத்தாள். குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னா எழுதியிருந்தாரு? படி."

முதல் நாள் எழுதிய இரண்டு வரியிலிருந்து தொடங்கினேன். டீச்சரின் வளையல் வந்தபோது, "அந்தம்மா இப்பவும் நல்லாத்தான் கீறாங்க" என்றாள். கட்டியைப் பற்றிய மெயிலைப் படிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நடுவில் ஒன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் படிக்காமல் விட்டது: 'இன்று உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே ஏதோ பாடினாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவளுக்குத் தெரியாது.'

"நான் எப்ப பாடனேன்?" என்றாள் அம்மா. அப்புறம் போனை வாங்கி அந்த வரிகளைத் தானே ஒருமுறை பார்த்தாள். நான் படிப்பதை நிறுத்தினேன்.

"இன்னும் எத்தன இருக்குது?"

"முப்பது இருக்கும்மா."

"நாளைக்குப் படிக்கலாம். ஒரேயடியா முடிச்சிடாத."

மறுநாள் பத்து படித்தோம். அதற்கு மறுநாள் எட்டு. அப்புறம் ஒரு நாளைக்கு ஒன்று என்று அம்மாவே குறைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்த நாளன்றும் அவள் என்னைத் திட்டவில்லை. உன் தப்பு இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது வேங்கிக்காலிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன், சேர்ந்து சாப்பிடுகிறோம். பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வருகிறாள்.