மைனி சொன்ன சாட்சி

செம்பூரில் மைனி இருக்கும் காலனி வாசலில் ஒரு ஆப்பிரிக்க மரம் நிற்கிறது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட சுரைக்காய் மாதிரி காய்கள். மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. தம்பிக்குக் கிட்னியில் கல் என்றதும், அந்தக் காய் கல்லைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை நம்பி, பச்சைக் காய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தாராவிக்கு வந்துவிட்டார்.

இந்த ஊரில் காலையில் சுரைக்காய்ச் சாறு குடிக்காத ஆள் குறைவு. மைனிக்கு இதுவும் ஒரு சுரைக்காய்தான். துருவிப் பிழிந்து, புதன்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வந்த பெண்களின் நடுவில் தம்ளரை வைத்தார். எல்லோரும் அதன்மேல் கை நீட்டி ஜெபித்தார்கள்.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்ருவோம் மைனி," என்றேன்.

"ஜெபம் பண்ணுன பொறவு என்னட்டி சந்தேகம்?"

இவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். குடித்துவிட்டார். ஜெபித்துக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஆட்களில் யாருக்கு வாய் வரும்?

சாயங்காலமே வாந்தியும் பேதியும் தொடங்கிவிட்டது. கழிவெல்லாம் போகுது, மருந்து வேலை செய்யுது என்று மைனி ஆஸ்பத்திரிக்குப் போக விடவில்லை. மறுநாள் இவர் மயங்கி விழுந்த பிறகுதான் டாக்ஸி பிடித்தோம். அந்த மரம் வளரும் ஆப்பிரிக்காவில் காயை உலர்த்திப் பொடித்துப் பெரும்பாலும் தோலில்தான் பூசுவார்கள், பச்சைக் காய் விஷம் என்று டாக்டர் திட்டினார். கல்லால் ஏற்கெனவே நைந்திருந்த கிட்னி, உடம்பில் நீர் வற்றியதில் மொத்தமாகப் படுத்துவிட்டது. இன்றுவரை டயாலிசிஸ்.

அந்த அமளியில் கல்லும் இறங்கியிருந்தது. மைனி சபையில் எழுந்து நின்று, ஜெபித்த காயால் கர்த்தர் செய்த அற்புதம் என்று அதைச் சாட்சியாகச் சொன்னார். டயாலிசிஸைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

போன வாரம் பாண்டுப்பிலிருந்து ஒரு பெண், சாட்சியைக் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தாள். அவள் மகனுக்கும் கல்லாம்.

"எந்த மரம்னு மட்டும் சொல்லுங்கண்ணே," என்று இவரிடம் கேட்டாள்.

இவர் தலை குனிந்துகொண்டார். உயிரே போனாலும் அக்காவை விட்டுக்கொடுக்க மாட்டார். நான்தான் அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன நரம்பைக் காட்டினேன். நடந்தது அத்தனையும் சொன்னேன்.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஆனா, கல்லு வெளிய வந்துட்டுல்லாக்கா?"