குழுவுக்கு ஒரு பெண்

உலோகவியல் துறையில் பாடம் நடத்தியவர்கள் பதினான்கு பேர். அதில் பெண் ஒருத்திதான். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் உலை மேடம். ஆயிரம் டிகிரி உலைக்கு முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவளுக்குப் பொருத்தமான பெயர்தான்.

பேராசிரியர் பதவிக்கு அவள் விண்ணப்பித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கோப்பு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. காரணம், பெண்களுக்கு ஆதரவாகப் போட்ட ஒரு விதி. தேர்வுக் குழு எதுவானாலும் அதில் ஒரு பெண் இருந்தாக வேண்டும். இருக்கும் ஒரே பெண்ணே விண்ணப்பித்திருந்தால் குழுவை எப்படிக் கூட்டுவதாம்?

"வெளியிலேர்ந்து ஒரு லேடியைக் கூப்பிடலாம்தான் மேடம். தகுதியான ஆள் கிடைக்கணுமே" என்று துறைத் தலைவர் வருடா வருடம் கையை விரிப்பார். அந்த முகத்தில் வழியும் வருத்தத்தைப் பார்த்தால், விவரம் தெரியாதவர்கள் கைக்குட்டை நீட்டுவார்கள்.

மற்றவர்களின் பதவி உயர்வுக்கெல்லாம் விதி கேட்ட பெண் அவள்தான். போய் உட்காருவாள், கையெழுத்துப் போடுவாள். தேநீர் வரத் தாமதமானால் எல்லோரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். 'அறிவியலில் பெண்களை உயர்த்துவோம்' என்று பேனர் கட்டி நடத்திய கருத்தரங்கில் மேடையில் பேசியவர்கள் ஆறு ஆண்கள். அவளுக்கு வரவேற்புரை.

இந்த வருடம் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தவன் அவளிடமே ஆய்வு செய்து பட்டம் வாங்கியவன். குழுவில் உட்கார அவளுக்குக் கடிதம் வந்தது. விஷயத்தைக் கேட்ட தங்கை போனில் பொரிந்து தள்ளினாள்.

"உனக்குச் சூடு சொரணை இருக்கா இல்லையாக்கா?"

"சூடு நிறையவே இருக்குடி" என்றாள் இவள்.

கூட்டத்தன்று பத்து மணிக்கு அவள் உலையடியிலேயே இருந்தாள். தலைவர் மூச்சு வாங்க வந்தார்.

"நிபுணர்கள் காத்திருக்காங்க மேடம். நீங்க இல்லாம கூட்டம் செல்லாது."

"நான் வரலை சார். தகுதியான லேடி யாரையாவது கூப்பிட்டுக்குங்க."

அவர் முறைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி போனார்.

பத்து நாற்பதுக்கு வாசலில் கார் வந்து நின்றது. ஆறு வருடமாகத் தேடியும் கிடைக்காத தகுதியான பெண் இறங்கினார். இரண்டு தெரு தள்ளியிருந்த கல்லூரியில் பேராசிரியர். உலை மேடத்துக்குக் கோபம்கூட வரவில்லை. இந்தப் பிறவிகளிடம் போய் இத்தனை காலம் மரியாதையாக நின்றோமே என்று அருவருப்பாக இருந்தது.

கையுறையைக் கழற்றினாள். அலுவலகத்தில் கேட்டு வாங்கிய தன் கோப்போடு கூட்ட அறை வாசலில் போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. தலைவர் அந்தப் பேராசிரியரைக் காருக்கு அழைத்துப்போக அவசரப்பட்டார்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று இவள் எழுந்து வழியில் நின்றாள். "கெளம்பிடாதீங்க. நிபுணர்கள் உள்ளேதான் இருக்காங்க. நீங்களும் வந்துட்டீங்க. அடுத்த ஃபைல் என்னோடது."

வந்தவர் தலைவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கோப்பை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.