ஜப்பானில் ஆர் இருக்கினம்?

நான் ஐரோப்பா முழுக்கச் சுற்றியவள். அதாவது ஐரோப்பாவிலுள்ள எங்கள் சொந்தக்காரரின் குசினிகளை எல்லாம் பார்த்தவள். பாரிஸில் பெரியபிள்ளையான ஒரு பெட்டைக்குச் சாமத்தியவீடு. பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காரில் போகும்போது ஈபிள் கோபுரம் தூரத்தில் ஒரு நிமிடம் தெரிந்தது. சூரிச்சில் ஒரு புதுவீடு குடிபூரல். பனிமலை வடிவுதான், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலேயிருந்த ஜன்னலால் அதைப் பார்த்தேன். ஐரோப்பாவைத் தாண்டி ரொறன்ரோவிலும் ஒரு கலியாணம். நயாகராவுக்குப் போவதாக இருந்த நாளில் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். டோட்மண்டில் ஒரு செத்தவீட்டு அந்தியேட்டி. இப்படித்தான் முப்பது வருட லீவும் போனது.

எங்களுடைய ஆட்கள் இடம் பார்க்கப் போவதில்லை, ஆள் பார்க்கத்தான் போவார்கள். நான் எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் என் கணவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "அங்க ஆர் இருக்கினம்?" இத்தாலி என்றேன். "இத்தாலியில ஆர் இருக்கினம்?" ஸ்கொட்லாந்து என்றேன். "அங்க ஆர் இருக்கினம்? செம்மறியாடும் வெள்ளைக்காரனும்." சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். நாங்கள் இருக்கிற சட்டனில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனை நடத்துகிற மனிதர், நாள் முழுக்க ஊர் ஊராய்ப் போகிறவர்களுக்குப் பெற்றோல் அடித்துக் கொடுக்கிறவர். அவருக்கு ஒரு ஊருக்குச் சும்மா போவது என்றால் விளங்காது.

அந்தப் புத்தகம் எனக்குக் கிடைத்தது சட்டன் நூலகத்தில். பழைய புத்தகங்களைக் கழித்து வாசலில் ஒரு பெட்டியில் போட்டிருந்தார்கள். ஜப்பானில் ஷிகோகு என்றொரு தீவு, அந்தத் தீவின் நடுவில் இயா என்றொரு மலைப் பள்ளத்தாக்கு, அங்கே பார்க்கவேண்டிய இடங்கள். மழைக்கு ஒதுங்கப் போனவள் அங்கேயே நின்று பாதியை வாசித்து முடித்தேன். பச்சை நிற ஆற்றில் படகு போகிறது. வெந்நீர் ஊற்று ஆற்றங்கரையில் இருக்கிறது, அதில் குளிக்க மலை உச்சியிலிருந்து கம்பிவண்டியில் இறங்க வேண்டும். கிடுகிடு பள்ளத்தின் விளிம்பில் ஒரு சின்னப் பையன் ஒண்டுக்கிருப்பது போல ஒரு சிலை, அதையும் சனம் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிறது! பிறகு, சனமெல்லாம் ஊரை விட்டுப் போய்விட்ட ஒரு கிராமம். போனவர்களுக்குப் பதிலாக ஆள் உயரப் பொம்மைகளைச் செய்து வயலிலும் பஸ் தரிப்பிலும் இருத்தியிருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. பொம்மை, "மகளுக்கு இன்னும் கலியாணம் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்காது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கொடிப்பாலம். மலைக்கொடிகளை முறுக்கிப் பின்னி ஆற்றுக்குக் குறுக்கே தொங்கவிட்ட பாலம். நடப்பதற்குக் கட்டைகள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கால் சறுக்கினால் உள்ளே இறங்கிவிடும் அளவுக்கு இடைவெளி, அதற்குக் கீழே ஆறு. எங்கே போகிறது, என்ன பஸ், எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இரண்டு வருடம் எழுதினேன்.

இரண்டு வருடத்துக்குள் என் வலது முழங்கால் போய்க்கொண்டிருந்தது. ஒரு மருந்துக் கடையின் பின்னறையில் நின்றபடியே மாத்திரை எண்ணிப் பெட்டிக்குள் போட்ட வேலை, இருபது வருடத்துக்கு மேல். டாக்டர் படத்தைக் காட்டி, மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும், மாற்றிய பிறகு கரடுமுரடான இடங்களில் ஏறி இறங்குவதை மறந்துவிடுங்கள் என்றார். ஆகவே கணக்கு இலேசானது. மூட்டை மாற்றுவதற்கு முன் அந்தப் பாலத்தை என்னுடைய சொந்தக் காலால் கடக்க வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இருக்கவில்லை, வீட்டைப் பெருப்பிக்கச் சொல்லவுமில்லை, நகை கேட்கவுமில்லை.

"ஜப்பானோ? கண்டறியாத ஜப்பான்! அங்க ஆர் இருக்கினம்?" என்றார் இவர்.

"ஒருத்தரும் இல்லை. அதுக்காகத்தான் போறன். வாறதெண்டால் வாங்கோ, இல்லாட்டி நான் தனியப் போறன்."

பொம்பிளை தனியாகப் போனால் சனம் கதைக்கும் என்பதற்காக வர ஒப்புக்கொண்டார். மகள் டிக்கெட் போட்டாள். இயாவில் நான்கு இரவுக்கு ஒரு சின்ன விடுதியில் அறையும் எடுத்துத் தந்தாள். நான் நடைச் சப்பாத்து வாங்கி வீட்டுக்குள் போட்டு நடந்து பழகினேன். போவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒருநாள் வேலையால் வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"இஞ்சரும், ஆள் இருக்கு! ஜப்பானிலயும் எங்கட ஆள் இருக்கு!"

அவருடைய பெரியம்மாவின் மருமகளின் தம்பி. தோக்கியோவுக்குப் பக்கத்தில் மனைவி, பிள்ளையோடு இருக்கிறாராம். ஒரேயொரு இரவு, அடுத்தநாள் விடியவே ரயில், என்று சத்தியம் வாங்கினேன். சத்தியம் பண்ணிய மனிதர் என் பெட்டியைத் திறந்து என் சப்பாத்துக்கு மேலே அரிசிமாப் பொட்டலமும் மிளகாய்த்தூளும் முருங்கைக்காய்க் கட்டும் அடுக்கினார்.

தோக்கியோ விமான நிலையத்தில் அந்தப் பிள்ளை, தம்பியின் மனைவி, என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "அக்கா, வீட்டில வேற ஒரு பொம்பிளையின்ர தமிழ்க்குரல் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமே?" என்றாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. நல்ல பிள்ளை. இரவு புட்டும் சம்பலும் சாப்பிட்டோம். அடுத்தநாள் விடிய நான் சப்பாத்துப் போட்டு, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நிற்கிறேன், இவர் சாரத்தோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"இஞ்சரும், இண்டைக்குப் போகேலாது. பிள்ளையின்ர பிறந்தநாள் சனிக்கிழமையாம். நிக்கச் சொல்லிக் கெஞ்சுகினம்."

"அறை எடுத்திருக்கெல்லே?"

"அது கான்சல் பண்ணியாச்சு. தம்பி போன் அடிச்சு ஜப்பான் பாசையிலயே சொல்லிப்போட்டார்."

என்னைக் கேட்காமல். அது எவ்வளவு சின்ன விஷயம் போல அவர் வாயிலிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்காது. அப்படியென்றால் நான் தனியாகப் போகிறேன் என்றேன், பெட்டியின் கைபிடியையும் பிடித்துவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "இவையள் என்ன நினைப்பினம்? வந்த இடத்தில சண்டை பிடிச்சுக்கொண்டு போறா எண்டெல்லே நினைப்பினம்." குசினிக்குள் அந்தப் பிள்ளை எனக்கென்று தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். அன்றைக்கு அவரைவிட என்னைத்தான் நாலு அறை அறைந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை நூறு வடை சுட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கலியாண வீடியோவைப் பார்த்தோம். மிச்சமிருந்த இரண்டு நாளில், "இனி அவ்வளவு தூரம் போய் வர ஏலாது" என்றுவிட்டார். ஜப்பானில் நான் போய்ப் பார்த்த ஒரே இடம் ஒரு மின்சாரச் சாமான் கடை. ஐந்து மாடி. இவர் அங்கே சோறு அவிக்கிற குக்கர் ஒன்று வாங்கினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்கள், எனக்கோ கையில் குக்கர்.

திரும்பி வரும் விமானத்தில் அவருடைய கதிரைக்கு முன்னால் இருந்த திரை வேலை செய்யவில்லை. கொஞ்ச நேரம் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உந்தக் கொப்பியைத் தாரும், பொழுது போகட்டும்" என்றார். அதுவரை அதன் மட்டையைக்கூடத் திறக்காத மனிதர், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். "வடிவா எழுதியிருக்கிறீர்" என்றார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. என்ன விசர் எனக்கு!

வந்து மூன்றாவது வாரம் ஃபாரஸ்ட் கேட்டில் அவருடைய தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மச்சாளின் கணவர் அப்போதுதான் ஐஸ்லாந்துக்குப் போய் வந்திருந்தார். சாப்பிடும் நேரம் முழுக்க ஐஸ்லாந்துதான், எரிமலையும் வெந்நீரும். காலம் மாறிவிட்டது. இப்போது ஆளில்லாத ஊருக்குப் போவதுதான் பெருமை. அது எனக்குத் தெரிந்திருந்தது, இவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீங்களும் ஜப்பானுக்குப் போனீங்கள், அண்ணை. என்ன பார்த்தனீங்கள்?" என்று மச்சாள் கேட்டா.

இவர் தொடங்கினார். ஆறு, படகு, கம்பிவண்டி, பொம்மைக் கிராமம், ஒண்டுக்கிருக்கிற பையன், எல்லாம் என் கொப்பியிலிருந்து, வரிசைகூட மாறாமல். பஸ் எத்தனை மணிக்கு என்பதுகூடச் சரி. பிறகு பாலத்துக்கு வந்தார்.

"பாலத்தைக் கண்டதும் இவ நடுங்கிக்கொண்டு நிண்டா. ஒரு அடி எடுத்து வைக்கமாட்டாவாம். நான்தான் கையைப் பிடிச்சு, வாரும், நான் இருக்கிறன் எண்டு அந்தக் கரை மட்டும் கூட்டிக்கொண்டு போனனான்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சாள், "அண்ணி, உண்மையே?" என்று கேட்டா.

"ஓம்" என்றேன்.

அவருடைய மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் பாலத்தைக் கண்டேன், என் கையில் அவருடைய கையையும் உணர்ந்தேன். அந்தப் பொய் எனக்குப் பிடித்திருந்தது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏன் இப்பிடிப் புழுகினீங்கள்?" என்று கேட்டேன். "அதால ஆருக்கு என்ன நட்டம்?" என்றார். ஒரு மாதத்துக்குள், இவர் படமெடுத்து அனுப்பிய என் கொப்பியின் பக்கங்கள் வாட்ஸ்அப்பில் ஓடத் தொடங்கின. ஈலிங் கோயிலில் தேரன்று எனக்கு முகம் தெரியாத ஒருவர் இவரை மறித்து, "அண்ணை, ஜப்பானுக்கு எந்த மாதம் போனால் நல்லது?" என்று கேட்டார். "இலையுதிர்காலம்" என்றார் இவர், விபூதியைப் பூசியபடி. நான் பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன்.

மாரிக்கு முன் எனக்கு மூட்டை மாற்றினார்கள். ஆறு வாரம் இரண்டு ஊன்றுகோல், பிறகு ஒன்று. ஒப்பரேஷன் செய்த டாக்டர், சமதரையில் எவ்வளவு தூரமும் நடக்கலாம் என்றார். அந்தப் பாலத்தின் படத்தைப் போனில் அவருக்குக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

பங்குனியில் மச்சாளின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. தேனிலவுக்கு இயாவுக்குப் போகிறோம், கொப்பியைத் தாங்கோ மாமி, என்று கேட்டு வந்தாள். வாட்ஸ்அப்பில் எழுத்துத் தெளிவில்லையாம். கொடுத்தேன். திரும்பி வந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு பிஸ்கட் பெட்டி, என் கொப்பி, போன் நிறையப் படம். இவர் சோபாவில் நடுவில் இருந்து ஒவ்வொரு படத்துக்கும், "ஓமோம், இதுதான், இதுதான்" என்று தலையாட்டினார்.

பாலத்தின் வீடியோ வந்தது. அவளுடைய சப்பாத்து, கட்டை, கட்டைக்கு நடுவில் கீழே பச்சைத் தண்ணீர். பாலம் ஆடும் சத்தம்கூடக் கேட்டது. நான் மூச்சை விடாமல் பார்த்தேன்.

"மாமி, சீரியஸா கேக்கிறன்" என்றாள். "நான் ரெண்டு கையாலயும் பக்கத்துக் கொடியைப் பிடிச்சுக்கொண்டுதான் நடந்தனான். எல்லாரும் அப்பிடித்தான். இவர் எனக்குப் பின்னால வந்தவர், அவரும் ரெண்டு கையாலயும். இந்த வீடியோவே போனைக் கழுத்தில தொங்கவிட்டு எடுத்தது. மாமா எப்பிடி உங்கட கையைப் பிடிச்சவர்?"

அவள் ஒரு வஞ்சகமும் இல்லாமல் கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவர் என்னிடம் கெஞ்சியதில்லை, அன்றைக்குக் கண்ணால் கெஞ்சினார்.

"அவர் பிடிக்கேல்லை, பிள்ளை" என்றேன்.

"மாமி பகிடி விடுறா" என்றார் இவர்.

"பகிடி இல்லை. நாங்கள் அந்தப் பாலத்துக்குப் போகவே இல்லை. இவரின்ர சொந்தக்காரர் வீட்டில வடை சுட்டுப்போட்டு வந்தனாங்கள்."

மாப்பிள்ளை தன்னுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போனை மெல்ல மேசையில் கவிழ்த்து வைத்தாள். இவர் ஒருதரம் செருமினார். பிறகு, பெற்றோல் ஸ்டேஷனில் வாடிக்கையாளரைச் சமாளிக்கிற அதே குரலில், "சரி, அதுக்கென்ன இப்ப? கால் சுகமாகட்டும். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் போவம்" என்றார்.

நான் ஊன்றுகோலைப் பிடித்து எழும்பினேன், தேத்தண்ணி வைக்க.

"அங்க ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன்.