கட்லெட்டும் பீட்ரூட் பச்சடியும்

அக்காவின் கணவர் மறுமணம் செய்துகொண்ட பிறகு, அந்தப் பெண்ணை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டது அம்மாதான். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது.

கல்யாணம் அவிநாசியில் எளிமையாக நடந்தது. நாங்கள் போகவில்லை. அதற்குச் சில நாள் முன்பு மாமா நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். துடியலூரில் எங்கள் வீட்டு முன்னறையில், எப்போதும் உட்காரும் சோபாவை விட்டுவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கல்யாணத்துக்கு வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரலீங்க அத்தை. சொல்லாம இருக்கவும் மனசு கேக்கல" என்றார்.

"நல்லா இருங்க. பாப்பாவ நல்லபடியாப் பாத்துக்கிட்டாச் செரி" என்றாள் அம்மா. காபி கொடுத்தாள். அவர் போன பிறகு கேட்டைச் சாத்தப் போனவள் அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய்க் கூட்டிவந்தேன்.

அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் கண் திறக்கவில்லை. பிறகும் திறக்கவில்லை. அப்போது அவள் மகள், எங்கள் பாப்பா, இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அதற்கு அடுத்த வருஷமே சொந்தக்காரர்கள் சிலர் என்னை மாமாவுக்குக் கட்டிவைத்துவிடலாம் என்று பேச்செடுத்தார்கள். கல்யாணம் ஆகாமல் அம்மாவோடு இருப்பவள், குழந்தைக்குச் சித்தி வேறு. நானும் வேண்டாம் என்றேன், அவரும் வேண்டாம் என்றார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் அம்மா போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அவள் பேசியது எனக்குச் சமையலறையில் கேட்டது.

"ஏனுங் மாப்பிள்ளை, வர்ற ஞாயித்துக்கெழமை நீங்க, அவங்க, பாப்பா எல்லாரும் மத்தியானம் சாப்பிட வந்துருங்க. புதுசாக் கட்டிக்கிட்டவங்களுக்கு ஒரு விருந்து போடாம இருந்தா எப்படி?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ தெரியாது. பிறகு பாப்பா போனை வாங்கியிருக்கிறாள். அம்மா என்னிடம் வந்து, "பாப்பா கட்லெட் கேக்கறா" என்றாள்.

எங்கள் வீட்டில் கட்லெட் என்றால் உருளைக்கிழங்கு பிசைந்து தட்டுவது இல்லை. எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியைச் சப்பாத்திக் கட்டையால் தட்டி மெலிதாக்கி, மிளகும் பூண்டும் எலுமிச்சைச் சாறும் தடவி ஊறவைத்து, அடித்த முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிப்பது. அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த காலத்தில் அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா வீட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், யாருக்காவது பிறந்தநாள் என்றால் அதுதான்.

ஆக, கட்லெட் முடிவாகிவிட்டது. அதற்குப் பக்கத்தில் என்ன வைப்பது என்பதில்தான் நாங்கள் திணறினோம்.

வழக்கமாக அம்மா வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு வைப்பாள். அக்கா சின்ன வயதில் அதைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போய் மொட்டைமாடியில் உட்கார்ந்து தின்பாள். அதைச் சொன்னதும் அம்மா, "அது வேண்டாம்" என்றாள்.

"அரிசிம்பருப்பு சாதம்?" என்றேன். மாமாவின் குடும்பம் அவிநாசிப் பக்கம் தோட்டமும் தறியும் உள்ள குடும்பம். அக்கா அவரை விரும்பிக் கட்டிக்கொண்டு அங்கே போன பிறகு, கட்லெட்டுக்கு அரிசிம்பருப்பு சாதம் சேர்த்து வைக்க ஆரம்பித்தாள். துவரம்பருப்பும் அரிசியும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குழைய வேகவைத்து, மேலே நெய் ஊற்றி. முதலில் அம்மா முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளே இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

"அதெப்படி வெக்கறது? மாப்பிள்ளைக்கு ஒரு வாய் எறங்குமா?"

"பீட்ரூட்?"

பீட்ரூட் முழுக்க முழுக்க அக்காவுடையது. வேகவைத்து வட்டமாக மெலிதாக நறுக்கி, வெங்காய வளையங்களோடு வினிகரில் ஊறப்போடுவாள். கருஞ்சிவப்பாக, புளிப்பாக இருக்கும்; வெங்காயம் ரோஸ் நிறமாகிவிடும். அந்தச் சாறு கட்லெட்டின் ஓரத்தில் பட்டு மொறுமொறுப்புப் போய்விடக் கூடாது என்று தனிக் கிண்ணத்தில்தான் பரிமாறுவாள். அவள் போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்யவில்லை.

சனிக்கிழமை வரை இப்படியே ஒவ்வொன்றாகச் சொல்வதும் தள்ளுவதுமாக இருந்தோம். பட்டாணி வேகவைத்தால் அக்கா ஒவ்வொன்றாக நசுக்கித் தின்றது, தக்காளி ரசம் என்றால் அவள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது தினமும் கேட்டது நினைவுக்கு வரும். கடைசியில் நான் சொன்னேன்: "ஃப்ரைடு ரைஸ் செஞ்சரலாம்மா. கூடக் கோஸ் நறுக்கி மயோனைஸ் போட்டுக் கலந்து வெச்சரலாம்."

"அவளுக்கு ரெண்டுமே ஆகாதே."

"அதனாலதாம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கோஸ் வாங்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா சேலையைக்கூட மாற்றாமல் கறியைத் தட்ட உட்கார்ந்தாள். தேவைக்கு மேல் ஓங்கி ஓங்கித் தட்டினாள். ஒரு துண்டு கிழிந்தே போனது. நான் கட்டையை வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண் எனக்கு இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். பவானிப் பக்கம். அவளுக்கும் இது இரண்டாம் கல்யாணம். முதல் கணவர் பைக் விபத்தில் போய்விட்டார் என்று மாமா சொல்லியிருந்தார். ஒல்லியான தேகம். நீலத்தில் சாதாரணப் பருத்திச் சேலை. பட்டுக் கட்டிக்கொண்டு வரலாமா கூடாதா என்று அவளும் யோசித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே வந்ததும் சுவரில் அக்காவின் படத்தைப் பார்த்தாள். கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கணம் நின்று, அப்புறம் அம்மாவின் காலைத் தொட்டாள்.

"நல்லா இரு அம்மிணி" என்று அம்மா அவள் தலையைத் தொட்டாள்.

பாப்பா மூடி போட்ட ஒரு எவர்சில்வர் போசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். இப்போது ஆறாம் வகுப்பு. என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள்.

"சித்தி, இது நாங்க செஞ்சது. அம்மா கட்லெட்டுக்கு வெப்பாங்கல்ல, அது! நான்தான் இவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

மூடியைத் திறந்தேன். ரோஸ் நிறத்தில் தயிர்ப் பச்சடி. துருவிய பீட்ரூட், கடுகு, கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டியிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அக்கா தயிரைத் தொடவே மாட்டாள். யாராவது மோர் ஊற்றிச் சாப்பிட்டால்கூடத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அவள் கையால் ஒரு நாளும் தயிர்ப் பச்சடி செய்ததில்லை. மாமா என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். அவர் போசியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணைப் பார்த்ததும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லோரும் மேசையில் உட்கார்ந்தோம். கட்லெட், ஃப்ரைடு ரைஸ், கோஸ், தக்காளி சாஸ். ஏதோ ஓட்டலில் ஆர்டர் பண்ணி வரவழைத்தது போல இருந்தது. பாப்பா அவற்றை எல்லாம் தள்ளிவிட்டு, போசியை நடுவில் வைத்து எல்லோருக்கும் தானே பரிமாறினாள். கட்லெட்டைப் பிய்த்துப் பச்சடியில் முக்கி வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"அப்படியே அம்மா செய்யறாப்லயே இருக்குது. இல்லீங்களா அம்மிச்சி?" என்று தன் பாட்டியைப் பார்த்தாள்.

அம்மா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். அவள் வாய் திறந்ததைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. "உங்கம்மா தயிரே தின்னமாட்டா கண்ணு" என்று சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆமாங் கண்ணு. அப்படியேதான் இருக்குது" என்றாள் அம்மா. "இன்னுங் கொஞ்சம் போடு."

பாப்பா எழுந்து வந்து போட்டாள். அம்மா அதை முழுக்கச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். மாமா தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார். அந்தப் பெண் மட்டும் சாப்பிடாமல் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரங்களை எடுத்துப் போட்டபோது அவளும் சமையலறைக்கு வந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். முன்னறையில் டிவி ஓடியது.

"நெசமாச் சொல்லுங்கக்கா" என்றாள் மெதுவாக. "அவங்க இப்படிச் செய்யமாட்டாங்க, இல்லீங்களா?"

மறைத்துப் பயனில்லை. "இல்ல" என்றேன். "வினிகர்ல ஊறப்போடுவா. தயிர் அவளுக்கு ஆகாது."

அவள் குழாயை மூடினாள். "அவரு மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க. பாப்பா பீட்ரூட்டு, ரோஸ் கலர்னு சொன்னா. நான் பச்சடிதான்னு நெனச்சுச் செஞ்சுபோட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"நீங்க என்ன பண்ணுவீங்க? தப்பு ஒண்ணுமில்ல."

"எப்படிச் செய்யறதுன்னு சொல்லுங்க. அடுத்த தடவ அதே மாதிரி செஞ்சு குடுக்கறேன்."

சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் அதே மாதிரி செய்து கொடுத்தால் பாப்பா அதை வாயில் வைத்துவிட்டு, இது அம்மா செய்வது இல்லையே என்று சொல்லிவிடுவாளோ என்ற எண்ணம் வந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன். அவளே புரிந்துகொண்டாள்.

"இருக்கட்டுங்கக்கா. அவ நெனச்சிருக்கறபடியே இருக்கட்டும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் முந்தி இருந்தவரு பேசற கொரலு இப்பெல்லாம் ஞாபகத்துக்கு வர்றதில்லீங்க. என்ன பேசுனாருன்னு வருது. கொரலு வரமாட்டேங்குது" என்றாள்.

அவள் கண் கலங்கவில்லை. தட்டைத் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள். அந்த நிமிஷம் வரை எனக்கு அவளைப் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாமல் இருந்தது.

அவர்கள் போன பிறகு அம்மா சோபாவில் உட்கார்ந்து, அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுதாள். "தயிரு... அவ தயிரக் கண்டாலே மூக்கப் பொத்திக்குவா. பாப்பா மறந்துபோட்டாளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். இரண்டாம் வகுப்புக் குழந்தை எவ்வளவுதான் நினைவில் வைத்திருக்கும்? ஒரு நிறம் அவளிடம் மிஞ்சியிருக்கிறது. மற்றதை அவளே நிரப்பிக்கொண்டுவிட்டாள்.

இப்போதும் அவர்கள் வருகிறார்கள். அந்தப் பெண் வரும்போதெல்லாம் அம்மாவுக்கு மூட்டு வலிக்குத் தைலம், தோட்டத்து முருங்கைக்காய் என்று எதையாவது கொண்டுவருவாள். பாப்பா வருகிற ஞாயிறுகளில் எங்கள் வீட்டிலும் கட்லெட்டுக்குப் பக்கத்தில் தயிர்ப் பச்சடிதான். முதல் தடவை அம்மாவே தயிர் வாங்கிவரச் சொன்னாள். பாப்பா தன் பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தியைக் கூட்டிவந்தபோது, "இது எங்கம்மாவோட ஸ்பெஷல்" என்று சொல்லிப் பரிமாறினாள். அம்மா சிரித்துக்கொண்டு நின்றாள்.

போன மாதம் ஒரு சாதாரண நாளில், வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, அம்மா திடீரென்று, "அவ செய்யற பீட்ரூட்டை ஒரு தடவ செஞ்சு பாரு" என்றாள். வேகவைத்து நறுக்கி, வெங்காயம் சேர்த்து, வினிகர் ஊற்றினேன். உப்புப் போட்டேன்.

"சர்க்கரை?" என்றாள் அம்மா.

"அக்கா சர்க்கரை போடமாட்டா."

"ஒரு ஸ்பூன் போடுவா. நான் பாத்திருக்கறேன்."

"இல்லம்மா. அது டாக்டரம்மா வீட்ல நீங்க பாத்தது. அவ போடமாட்டா."

"பக்கத்துல நின்னு பாத்தவ நானு."

இருவரும் குரலை உயர்த்திவிட்டோம். சண்டை போடுகிற விஷயமா இது? ஆனால் நிறுத்த முடியவில்லை. யாரைக் கேட்பது என்று பார்த்தால் இதைத் தெரிந்திருக்கக்கூடிய இன்னொரு ஆள் மாமாதான். அம்மா போனைக் கையில் எடுத்தாள். இந்நேரம் அவர் வீட்டில் இருப்பார், பக்கத்தில் அந்தப் பெண்ணும் இருப்பாள், இதைப் போய் எப்படிக் கேட்பது என்று யோசித்திருப்பாள் போல. போனை மேசை மேல் வைத்துவிட்டாள்.

கடைசியில் அம்மா சொன்னபடியே ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டேன். ஊறியதும் ஒரு துண்டை எடுத்து அம்மா வாயில் போட்டுக்கொண்டாள். மெல்ல மென்றாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். நானும் ஒன்று எடுத்துத் தின்று பார்த்தேன். அது அக்காவுடையது இல்லை. ஆனால் சர்க்கரையாலா, வேறு எதாலா என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.