வலிக்காத ஊசி

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ராயப்பேட்டையில் தலைச்சுமையாக இரும்புக் குழாய் தூக்க ஆரம்பித்து, அதே தெருவில் மூன்று கடை பிடித்தேன். அபிராமபுரத்தில் மாடிவீடு கட்டினேன். எனக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுத்தது கிடையாது. பார்த்தேன், செய்தேன், அவ்வளவுதான். இதைப் போகிற இடமெல்லாம் சொல்வேன். அப்படிச் சொன்னதில் ஒரு பெண்மணியின் வேலை போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சர்க்கரைக்கு நான் வைத்தியம் பார்ப்பது ஆழ்வார்பேட்டையில் ஒரு மருத்துவமனையில். டாக்டர் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை. கதவில் ‘சுகாதாரக் கல்வியாளர்’ என்று பலகை. உள்ளே அந்தம்மா இருப்பார். சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், வீட்டில் முக்கால்வாசிப் பேர் டீச்சர்கள். இவரும் டீச்சர்தான், பாடம்தான் வேறு. எத்தனை இட்லி சாப்பிடலாம், எந்தச் செருப்பு போடலாம், உள்ளங்காலைக் கண்ணாடி வைத்து எப்படிப் பார்ப்பது, இதெல்லாம். ‘புரிஞ்சுதா’ என்று அவர் யாரையும் கேட்க மாட்டார். கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். ‘செஞ்சு காட்டுங்க’ என்பார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

நான் மட்டும் உட்கார்ந்ததில்லை.

மாத்திரை போதவில்லை என்று டாக்டர் இன்சுலின் எழுதினார். நர்ஸ் பேனா ஊசியைக் கையில் கொடுத்து, போடும் முறை வெளியே டிவியில் ஓடுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த வீடியோ அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. பார்த்தேன். கிளம்பும்போது அந்தம்மா வாசலில் நின்று, அஞ்சு நிமிஷம் உள்ளே வந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்.

“இன்னாம்மா, நாப்பது வருசமா குழாய் மாட்டிக்கினு கீறேன். எனக்கே மூடி கயட்டக் கத்துக்குடுக்கப் போறியா?”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தம்மாவும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஊசி வலிக்கவே இல்லை. எனக்கே ஆச்சரியம். மூட்டை தூக்கிய உடம்பு, ஊசியெல்லாம் எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். போட்டதும் வயிற்றில் கொஞ்சம் ஈரம் தட்டும். மிச்சம் வழிகிறது போல என்று துண்டால் துடைத்துவிடுவேன். இதை மருத்துவமனை மேனேஜரிடம் பெருமையாகச் சொல்லப்போக, அவர் என்னையே போனில் படம் பிடித்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் நின்று பேசினேன்: “வீடியோவப் பாத்து ஒரே நாள்ல கத்துக்கினேன். யாரும் சொல்லித் தர்ல. எறும்பு கடிச்சா மாரி கூட இல்ல.” அது அங்கே டிவியில் ஓடிற்று. தண்ணித்துறை மார்க்கெட்டில், அங்கே வந்துபோகிற ஒரு காய்க்காரம்மா என்னை அடையாளம் கண்டுபிடித்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. டாக்டர் பத்து யூனிட் எழுதினார், பதினாறு ஆக்கினார், பிறகு இருபத்துநாலு. சட்டை தொளதொளவென்று ஆயிற்று. மருந்தில் சத்து இல்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான்காவது மாதம் போனபோது, அந்தம்மாவுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது என்று நர்ஸ் சொன்னார். டிவி சொல்லித் தருகிறது, போனில் தகவல் போகிறது, தனியாக ஒரு ஆள் எதற்கு, நோயாளிகளே அப்படித்தான் சொல்கிறார்கள் என்று மேலிடத்தில் முடிவாம். எந்த நோயாளி என்று எனக்குத் தெரியும். டிவியில் அவன் அப்போதும் பேசிக்கொண்டிருந்தான்.

முதல் தடவையாக அந்த அறைக்குள் போனேன். அந்தம்மா பிளாஸ்டிக் இட்லி, தோசைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் மேல் கோபம் காட்டவில்லை. இதே படிப்புப் படிக்கிற பெண் ஒருத்தி, தொடரலாமா என்று காலையில்தான் போனில் கேட்டாளாம். “படிம்மான்னு சொல்ல வாய் வரலைங்கய்யா” என்றார்.

பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார். “போறதுக்கு முன்னால எனக்காக ஒரு தடவ போட்டுக் காட்டுங்கய்யா.”

மத்தியான ஊசிக்கு நேரம்தான். பையிலிருந்து பேனாவை எடுத்தேன். ஊசியைத் திருகி, மூடியைக் கழற்றி, வயிற்றில் வைத்து, ஜோராக அழுத்திக் காட்டினேன்.

அந்தம்மா பேனாவை வாங்கி, அதன் நுனியிலிருந்து தீக்குச்சி கனத்தில் ஒரு சின்னக் குழலை உருவினார். நான் கழற்றாமலே விட்ட உள்மூடி அது. அதை எடுத்ததும் மயிரிழை மாதிரி ஊசி நின்றது. நான்கு மாதத்தில் அந்த ஊசியை நான் கண்ணால் பார்த்ததில்லை. மருந்தெல்லாம் துண்டுக்குத்தான் போயிருக்கிறது.

சிரிப்பார் என்று நினைத்தேன். எத்தனை யூனிட் என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறிவிட்டது.

“இனிமே சரியா போட்டீங்கன்னா இருவத்திநாலும் உள்ள போயிடும். மயங்கி விழுந்துடுவீங்கய்யா.”

என் கையைப் பிடித்து, டோக்கனெல்லாம் பார்க்காமல் நேரே டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு, எட்டு யூனிட்டிலிருந்து புதிதாக ஆரம்பித்தார்.

நான் மேனேஜரிடம் போய் நின்றேன். டிவியிலிருந்து என் படத்தை எடுத்துவிடு, அந்தம்மாவை வைத்துக்கொள் என்றேன். நாற்பது வருஷத்தில் நான் கெஞ்சியது அன்றைக்குத்தான். அவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். “நல்ல பாயிண்ட் சார். மூடி ரெண்டுன்னு வீடியோல ஒரு வரி சேத்துடலாம்” என்றார். சேர்த்தார்கள். என் படத்தையும் எடுத்துவிட்டார்கள். அந்தம்மா மாதக் கடைசியில் போய்விட்டார். இப்போது அடையாறில் ஒரு காப்பீட்டு ஆபீசில் போன் பேசும் வேலை. போனில் யாரையும் செய்து காட்டச் சொல்ல முடியாது.

போன மாதம் மருத்துவமனையில் காத்திருந்தேன். டிவியில் அந்த ஒரு வரி வந்து போயிற்று. சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் மயிலாப்பூர்க்காரர் ஒருவர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சுக் கொடுத்தார். “நானே பாத்துண்டு போட்டுண்டேன் சார். வலிக்கவே இல்லை, தெரியுமோ?”

பேனாவை எடுத்து ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள் என்றேன்.

“நீங்க டாக்டரா?”

“இல்ல சார். குழாய்க்கட.”

அவர் சிரித்தார். உள்ளே மூடி இன்னொன்று இருக்கும் சார் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் நம்பரைக் கூப்பிட்டார்கள். என் தோளில் தட்டிவிட்டு, அந்தச் சின்ன அறையைத் தாண்டிப் போனார். அதன் கதவில் பலகை இல்லை. பூட்டியிருந்தது.