உள்ளே இழுத்த பட்டுநூல்

காந்தாவின் டிபன் வேன் ஒரு சிலிண்டர் எரியாமல் குலுங்கியது. சங்கரி அழுத்தமானியை மாட்டிப் பார்த்தாள். மூன்றாவது சிலிண்டரில் அழுத்தம் பாதிதான். எண்ணெய் விட்டும் ஏறவில்லை. "ரிங் தேஞ்சிருந்தா எண்ணெய்க்கு ஏறியிருக்கும்ப்பா. இது வால்வு," என்றாள்.

அவள் அப்பா, மெக்கானிக் பஞ்சாட்சரம், தறிவீடுகளில் உதிரும் பட்டுநூலை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். "காலையிலயே புகைக்குழாயில நூலப் புடிச்சேன், உள்ள இழுத்துச்சு. வால்வு சரியா மூடலன்னாதான் அப்படி இழுக்கும். நீ இஞ்சினீரு, மெதுவா வாம்மா," என்று சிரித்தார்.

மறுநாள் வால்வு இருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, சரிசெய்ய வாலாஜாபாத் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்து படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

மூன்று வாரமாக வியாபாரமில்லாத காந்தா வந்தாள். "வண்டிய கேக்க வரலம்மா. நீ சாப்ட்டியா?"

"ஞாயித்துக்கிழமை ஓடும்க்கா. நூல வெச்சும் பாத்துட்டுத்தான் தருவேன்," என்றாள் சங்கரி.

அப்பாவின் சட்டைப் பையிலிருந்த நூலை எடுத்துக்கொண்டு, அவர் வாங்கிவராத ஹெட்டுக்காக வாலாஜாபாத் பஸ் ஏறினாள்.